அக்குள் கணுவின் நூற்றாண்டு

மார்பகத்தில் கட்டி என்றதும் மருத்துவரின் விரல்கள் அடுத்துத் தேடுவது அக்குளைத்தான். அங்கே நெறி கட்டியிருந்தால் நோய் எந்த நிலையில் இருக்கிறது என்ற கணக்கே மாறிவிடும்.

பால்டிமோரில் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894-இல் 50 நோயாளிகளுக்குச் செய்த அறுவையின் அனுபவத்தை வெளியிட்டார். புற்று நிணநீர்க் கணுக்கள் வழியாகப் படிப்படியாகத்தான் பரவும் என்று அவர் நம்பினார். ஆகவே மார்பகம், அதன் அடியிலுள்ள தசை, அக்குள் கணுக்கள் எல்லாவற்றையும் ஒருசேர அறுத்தெடுத்தார். பிழைத்த பெண்களில் பலர் வீங்கிய கையோடு வாழ்ந்தார்கள். முக்கால் நூற்றாண்டு இதுவே நடைமுறை.

பிட்ஸ்பர்கின் அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர் இதை ஏற்கவில்லை. புற்றணுக்கள் தொடக்கத்திலேயே இரத்தத்திலும் கலந்துவிடலாம், கணு நோயைத் தடுத்து நிறுத்தும் அணை அல்ல என்றார். அவர் தலைமையில் 1971-இல் தொடங்கிய ஆய்வில் 1,665 பெண்கள் சேர்ந்தார்கள். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முடிவுசெய்தது. கணு தட்டுப்படாதவர்களில் அக்குளையும் அறுத்த பிரிவில் சுமார் 40 சதவீதம் பேருக்குக் கணுவில் புற்று இருந்தது. அக்குளைத் தொடாமல் விட்ட பிரிவிலும் ஏறக்குறைய அத்தனை பேருக்கு இருந்திருக்க வேண்டும். ஆனால் பிறகு அங்கே கணு பெருத்து வெளிப்பட்டது ஐந்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான். 25 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் உயிர்பிழைப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தங்கள் உடலைக் குலுக்கலுக்கு ஒப்படைத்த அந்தப் பெண்களுக்கே இந்த வரலாற்றில் முதல் மரியாதை.

1994-இல் அர்மாண்டோ ஜூலியானோ கலிபோர்னியாவில் வேறு வழி காட்டினார். கட்டியைச் சுற்றி நீலச் சாயத்தை ஊசியால் செலுத்தி, சில நிமிடம் பொறுத்து, அக்குளில் சிறிதாகக் கீறுவார். நூல் போன்ற நீலக் குழாய் தெரியும். அதைப் பின்தொடர்ந்தால் சாயம் முதலில் சேர்ந்த கணு கிடைக்கும். அதில் புற்று இல்லையென்றால் மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. ஒன்றிரண்டு கணுக்களில் புற்று இருந்தாலும், மார்பகத்தைக் காத்து கதிர்வீச்சு பெறும் பலருக்கு மேலும் அறுக்கத் தேவையில்லை என்பதை 891 பெண்களிடம் நடந்த ஆய்வு 2011-இல் காட்டியது.

இதற்கிடையே நோயின் போக்கைச் சொல்லும் வேலையில் கணுவுக்குத் துணைகள் வந்துவிட்டன. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உண்டா, ஹெர்-2 என்ற புரதம் மிகுந்திருக்கிறதா என்று கட்டியையே சோதித்து மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2023-இல் மிலானிலிருந்து வந்த ஆய்வு இன்னும் ஒரு படி போனது: 2 சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டி, அல்ட்ராசவுண்டில் சந்தேகமில்லாத அக்குள் என்றால், அந்த முதல் கணுவைக்கூட எடுக்காமல் விடலாம். ஸ்கேனில் கணு சந்தேகமாகத் தெரிந்தால் இந்த விலக்கு கிடையாது. ஊசி குத்திச் சோதித்துத்தான் அடுத்த முடிவு.