காத்திருப்பின் கதை: காஞ்சித் தண்டி முதல் கீழடிப் பொம்மை வரை

வெளிவரப்போகும் ஒரு கதைக்காக நாட்களை எண்ணிக் காத்திருப்பது ஆங்கிலப் புத்தகக் கடைகள் நமக்குக் கற்றுத்தந்த பழக்கம் என்றோர் எண்ணம் பரவலாக உண்டு. 2007 ஜூலை 21 அன்று, ஹாரி பாட்டர் வரிசையின் ஏழாவதும் இறுதியுமான நூலுக்காக அதிகாலையிலேயே சென்னைக் கடை வாசல்களில் இளைஞர் திரண்டதை நினைவில் வைத்திருப்போர் அப்படி எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் தமிழ் நிலத்தில் இந்தக் காத்திருப்புக்குத் தனியே ஒரு வரலாறு உண்டு. அதன் தொடக்கப் பக்கங்களுள் ஒன்று காஞ்சிபுரத்தில் எழுதப்பட்டது. அடுத்து வரவேண்டிய பக்கம், அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள உத்திரமேரூரின் கற்சுவரில் காத்துக்கிடக்கிறது என்பது என் எண்ணம்.

முடிவு கிட்டாத முதல் தொடர்

தண்டி என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது தண்டியலங்காரம். அந்த அணியிலக்கண நூலுக்கு மூலமான காவ்யாதர்சத்தை வடமொழியில் இயற்றிய தண்டி, ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பல்லவர் காஞ்சியில் வாழ்ந்தவர் என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. அவருடைய மற்றொரு படைப்பான தசகுமார சரிதம், இன்றைய பகுப்பின்படி பார்த்தால் இளையோருக்கான மாயப் புதினம் என்ற வகைக்குள் தயக்கமின்றி அமரக்கூடியது. நாடிழந்த மன்னனின் மகன் ராஜவாகனனும் அவன் தோழர்களுமாகப் பத்து இளைஞர்கள். உலகைக் காணப் புறப்பட்டவர்கள் ஒருவரையொருவர் பிரிகிறார்கள். பாதாளம், சூதாடுகளம், கள்வர் தெரு, அந்தப்புரம் எனத் திரிந்து மீண்டும் கூடுகிறார்கள். ஒவ்வொருவரும் தன் கதையைச் சொல்கிறார்கள். அவர்களுள் மந்திரகுப்தன் என்பவனுக்கு, காதலியின் பல் பட்டு உதடு புண்ணாகியிருக்கிறது. ஆகவே இதழ்கள் ஒட்டிப் பிறக்கும் எழுத்து ஒன்றுகூட வராமல் தன் கதை முழுவதையும் சொல்லி முடிக்கிறான். விளையாட்டும் வித்தையும் இப்படிக் கைகோத்து நடக்கும் உரைநடை எந்த மொழியிலும் அரிது.

இந்த நூல் நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. தண்டியின் கையிலிருந்து வந்த நடுப்பகுதி மட்டுமே எஞ்சியது. எட்டாவது இளைஞனின் கதை பாதியில் அறுந்து நிற்கிறது. முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று அறியும் ஆவலைத் தாங்கமாட்டாத பிற்கால எழுத்தாளர்கள் தாங்களே ஒரு தொடக்கத்தையும் ஒரு முடிவையும் எழுதிச் சேர்த்தார்கள். விருப்பமான கதையைத் தாமே தொடர்ந்து எழுதிப் பார்க்கும் வாசக வழக்கம் இணையத்தில் பிறந்ததாகச் சொல்வோர் இதைக் கவனிக்கவேண்டும். கதைக்காகக் காத்திருந்து சலித்தவன் தானே எழுதுகோலை எடுப்பது ஆயிரம் ஆண்டுப் பழக்கம்.

தண்டியின் பெயரால் வழங்கும் அவந்திசுந்தரி என்னும் மற்றோர் உரைநடைக் காவியமும் குறைப்பிரதியாகவே கிடைத்திருக்கிறது. இவ்விரண்டும் ஒரே பெரும் படைப்பின் பகுதிகளாக இருக்கலாம் எனக் கருதுவோர் உண்டு. அவந்திசுந்தரியின் முன்னுரைப் பகுதியில் ஆசிரியர் தம் கதையையும் சொல்கிறார். இளமையிலேயே பெற்றோரை இழந்தது, பகைவர் படையால் காஞ்சி சீர்குலைந்தபோது ஊரைவிட்டு வெளியேறி அலைந்தது, அமைதி திரும்பியபின் மீண்டு வந்தது ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. வீடிழந்து திரிந்த சிறுவன் ஒருவனே வீடிழந்து திரியும் பத்து இளைஞர்களின் கதையைப் பின்னாளில் எழுதினான் என்று எண்ணும்போது, மாயக்கதை என்பது வெறும் பொழுதுபோக்கு என்னும் வாதம் வலுவிழந்துவிடுகிறது.

'தொடரும்' என்ற சொல்

தண்டிக்குப் பின் நேரே இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். இடையில் விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் பெரிய எழுத்துப் பதிப்புகளாகச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்றன. அவை ஒரே மூச்சில் படித்து முடிக்கவேண்டியவை. காத்திருப்பு என்பது மாத இதழோடு வந்தது.

1947 ஜூலையில், விடுதலைக்குச் சில வாரங்கள் முன்பு, நாகி ரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிலிருந்து தெலுங்கில் 'சந்தமாமா'வையும் தமிழில் 'அம்புலிமாமா'வையும் தொடங்கினார்கள். அதன் வேதாளக் கதைகளின் அமைப்பே காத்திருப்புக்கெனச் செய்யப்பட்டது போன்றது. விக்கிரமன் வாய் திறந்து விடை சொன்னதும் வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். அடுத்த மாதம் அவன் மறுபடி வருவான் என்பது வாசகனுக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு. தோளில் பிணமும் கையில் வாளுமாக அவன் நடக்கும் ஓவியத்தைத் தீட்டிய சங்கர் என்னும் கே.சி. சிவசங்கரன் 2020இல் மறைந்தார். மறைவுக்குப்பின் 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

வேதாளத்தைக் காட்டிலும் பிள்ளைகளை ஏங்கவைத்தவை மாயாஜாலத் தொடர்கதைகள். அவற்றைத் தெலுங்கில் எழுதியவர் தாசரி சுப்பிரமணியம், ஓவியங்கள் 'சித்ரா'வினுடையவை. கதை எழுதியவர் பெயர் இதழில் அச்சிடப்படாத காலம் அது. தென்னிந்தியச் சிறுவர்கள் மாதந்தோறும் யாருக்காகக் காத்திருந்தார்களோ, அவர் பெயரே அவர்களுக்குத் தெரியாது. வெளிவரும் முன்பே ஆசிரியரின் முகமும் பேட்டியும் உலகெங்கும் பரவும் இக்காலத்தில் இது நம்பக் கடினமானது.

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவியோடு வந்தது. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அந்த நாயகன் பிரிட்டனில் பிறந்தவன். ஆயினும் தமிழ்ச் சிறுவர்கள் அவனை ஒருபோதும் அந்நியனாகக் கருதியதில்லை. 1984இல் லயன் காமிக்ஸ் தொடர்ந்தது. அடுத்த இதழின் அறிவிப்புப் பக்கத்தை முதலில் புரட்டுவது இந்த வாசகர்களின் வழக்கம்.

பன்னிரண்டு வயதுக்குப் பின்

இவையெல்லாம் இருந்தும் தமிழில் ஒரு பள்ளம் விழுந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதோடு சிறுவர் இதழ் சலித்துவிடும். அதற்கு மேல் வாசகன் நேரே கல்கிக்கும் சாண்டில்யனுக்கும் தாவவேண்டும். அந்தத் தாவலில் கால் இடறி வாசிப்பையே விட்டவர்கள் ஏராளம். நகரத்தில் ஆங்கிலம் படித்த பிள்ளைக்கு அந்த வயதில் ஹாரி பாட்டர் கிடைத்தான். ஹாரி பாட்டரின் தமிழாக்கம் மூல நூல்களின் ஆரவாரம் ஓய்ந்த பின்னரே வந்தது. தமிழ்வழியில் பயிலும் கிராமத்துப் பிள்ளைக்குக் கிடைத்தது, வேறோர் ஊரில் முன்பே நடந்து முடிந்த திருவிழாவின் செய்தி மட்டுமே. 2013ஆம் ஆண்டோடு அம்புலிமாமாவும் நின்றுபோனது.

காத்திருப்பதற்கும் சில வசதிகள் வேண்டும். வரப்போகும் நூல் எது என்று தெரியவேண்டும். அது வந்து சேர ஓர் இடம் வேண்டும். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முறையாக முறையான பொதுநூலகச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், ஆண்டு 1948. 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடங்கள் எழுந்தன. கட்டடம் எழுவது ஒன்று. அதன் அலமாரிக்கு ஆண்டுதோறும் புதிய நூல் வருவது வேறொன்று. புதிய நூல் வராத நூலகத்தில் எவரும் எதற்காகவும் காத்திருப்பதில்லை.

அண்மைக்காலச் செய்திகள் நம்பிக்கை தருகின்றன. கீழடியைக் களமாகக் கொண்டு உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை' என்னும் இளையோர் நாவல் 2023இல் சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. 2025இல் அவ்விருது விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' நாவலுக்கு அறிவிக்கப்பட்டது. உத்திரமேரூருக்கு அடுத்துள்ள வந்தவாசியைச் சேர்ந்த கவிஞர் மு. முருகேஷ் 2021ஆம் ஆண்டுக்கான விருதைத் தம் சிறார் கதைகளுக்காகப் பெற்றார். இளையோர் நாவல் என்ற சொல்லே இன்று தமிழில் தனிப் பெயராக நிலைபெற்று வருகிறது. அகழாய்வுக் குழியிலிருந்து ஒரு மாயக்கதை எழ முடியுமென்று கீழடி காட்டிவிட்டது.

குடத்தில் கையிட்ட பாலன்

இனி நான் எதிர்பார்க்கும் நூலைச் சொல்கிறேன். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற்சுவரில் முதற்பராந்தகன் காலத்து இரு கல்வெட்டுகள் உள்ளன, பொ.ஆ. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை. குடவோலை முறையை விரிக்கும் இவற்றைப் பாடப்புத்தகம் வழியே எல்லோரும் அறிவோம். முப்பது குடும்புகள். ஒவ்வொன்றிலும் தகுதியுடையோர் பெயர் ஓலையில் எழுதிக் குடத்தில் இடப்படும். சபை முழுதும் கூடியிருக்க, எழுத்தின் உள்ளடக்கம் அறியாத ஒரு சிறுவன் கையிட்டு ஓலையை எடுக்கவேண்டும். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் அதை வாங்கிப் படிக்கவேண்டும். இவ்வாறே ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் சம்வத்சர வாரியமும் அமைந்தன.

இதைச் சனநாயகத்தின் தொட்டில் என மேடைகளில் புகழ்கிறோம். ஆனால் இது பிரமதேயச் சபையின் விதி. கால்வேலிக்கு மேற்பட்ட வரிநிலம், சொந்த மனையில் வீடு, வேதக்கல்வி, முப்பத்தைந்து முதல் எழுபது வயது என நிபந்தனைகள் பல. நிலத்தில் உழுதவன் பெயர் குடத்துக்குள் போக வழியில்லை. பெண்ணின் பெயருக்கும் வழியில்லை. கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் விலக்கிய கண்டிப்பும் அதே கல்லில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

அத்தனை விதிகளுக்கு நடுவே நிற்கும் அந்தச் சிறுவன்தான் என்னை விடாமல் இழுக்கிறான். ஊர் ஏரியான வைரமேகத் தடாகத்தின் மதகு யார் பொறுப்பில் போகும் என்பது ஒரு கணம் அவன் விரல்களில் இருக்கிறது. அவனுக்கு எதுவும் தெரியாது என்பதே அவனுக்கான தகுதி. ஒருவேளை அவனுக்கு எழுத்து தெரிந்திருந்தால்? குடத்துக்குள் இருக்கவே முடியாத ஒரு பெயர் எழுதிய ஓலை அவன் கையில் சிக்கியிருந்தால்? வரலாறு இந்த இடத்தில் பேசாது, புதினம் பேசலாம்.

தண்டி விட்டுச்சென்ற குறையை யாராலும் நிரப்ப முடியாது. இந்த ஓலையை ஒருவர் எழுத முடியும். எழுதுபவர் உத்திரமேரூர் வட்டத்துப் பள்ளி ஒன்றில் இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கலாம். அந்தப் பிள்ளை படிக்க இந்த ஆண்டு ஊர் நூலகத்துக்கு ஒரு புதிய தமிழ் நாவல் வந்து சேர்வதைப் பொறுத்தது அது.