லர்ச்சர்

லர்ச்சர் என்பது பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நாட்டுப்புறத்தார் வளர்க்கும் கலப்பின வேட்டைநாய் வகை. கிரேஹவுண்ட், விப்பெட், சலூகி போன்று கண்ணால் கண்டு துரத்தும் நாயை மேய்ப்பு நாயுடனோ டெரியருடனோ சேர்த்து ஈனச்செய்வர். இதைத் தனி இனமாக பிரிட்டனின் கென்னல் கிளப் ஏற்பதில்லை. முயல் பிடிப்பதே முதன்மை வேலை; இரவில் விளக்கொளி பாய்ச்சியும் பிடிப்பர்.

சாமானியர் கிரேஹவுண்ட் வைத்திருக்கத் தடை இருந்ததால், சட்டத்தின் கண்ணை மறைக்கவே இக்கலப்பு தோன்றியது என்பது பரவலான விளக்கம். இது போதாது. 1671-ஆம் ஆண்டின் இங்கிலாந்து வேட்டைச் சட்டம், உரிமையற்றோரிடம் பறிமுதல் செய்யத்தக்கவற்றுள் லர்ச்சரையும் பெயர் சொல்லியே சேர்த்தது. அதற்கு முன் மாறுவேடம் பலித்திருக்கலாம் எனினும், பெயர் வெளிப்பட்ட பின்னும் கலப்பு ஏன் தொடர்ந்தது என்பதற்கு அதில் விடையில்லை. விடை வேலையில் இருக்கிறது. கிரேஹவுண்ட் குறுந்தொலைவில் ஒப்பற்ற வேகமுடையது. ஆயின் விரைவில் களைக்கும், அதன் மெல்லிய தோல் முள்வேலியில் எளிதில் கிழியும். கோலி மேய்ப்பு நாயின் குருதி சொற்கேட்கும் இயல்பையும் நீடித்த உழைப்பையும் தருகிறது. பெட்லிங்டன் டெரியர் விடாப்பிடியையும் அடர்ந்த மயிரையும் தருகிறது. கலப்புக் குட்டிகளின் குணத்தை முன்கணிக்க இயலாது என்ற மறுப்பு நியாயமானதே. அதனால்தான் வளர்ப்போர் தோற்றத்தை விட்டு, உழைத்துக் காட்டிய பெற்றோரைத் தேர்ந்தனர். முதற்கலப்பை மீண்டும் கிரேஹவுண்டுடன் சேர்த்து வேகத்தைக் கூட்டினர்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004-ஆம் ஆண்டுச் சட்டம் நாய்களைக் கொண்டு காட்டுமுயலை வேட்டையாடுவதைத் தடுக்கிறது. வளைமுயலை நில உரிமையாளரின் இசைவுடன் பிடிக்கலாம்.