பந்தயத் திடலிலிருந்து பாட்டுத் திடலுக்கு

காலிமுகத்திடலை நான் முதன்முதலில் கண்டது ஒரு பெருநாள் காலையில். தொழுகை முடிந்து கடலைப் பார்த்து நின்றபோது வாப்பா சொன்னார்: “இந்த எடத்திலதான் மகன், முந்தி வெள்ளக்காரன்ட குதிர ஓடின.” நான் நம்பவில்லை. பின்னர் வாசித்தபோதுதான் வாப்பா கதை விடவில்லை என்பது விளங்கியது.

ஒல்லாந்தர் காலத்தில் இது கோட்டைப் பீரங்கிகளுக்கு மறைப்பின்றி விடப்பட்ட வெளி. 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் இங்கே குதிரைப் பந்தயத்தைத் தொடக்கி வைத்தார். 1879 இல் கோல்ப் கழகம் ஒன்று அமைந்தது. அதே ஆண்டில் இன்றைய றோயல் கல்லூரியும் சென் தோமஸ் கல்லூரியும் தமது முதலாவது கிரிக்கெட் போட்டியை இங்கேதான் ஆடின.

1893 இல் பந்தயம் கறுவாத்தோட்டத்துக்கும், 1896 இல் கோல்ப் பொரளைப் பக்கத்துக்கும் போய்விட்டன. விளையாட்டு வேலிக்குள் போனது. திடல் சனங்களுக்கு மிஞ்சியது. அதைப் பூங்காவாக்க யாரும் பெரிதாகத் திட்டம் போட்டதாகத் தெரியவில்லை. பட்டம் விட்டவர்களும், கடலை விற்றவர்களும், பிள்ளைகளைக் கூட்டி வந்த தாய்மாரும்தான் அதைப் பூங்கா ஆக்கினார்கள்.

இசையும் அப்படித்தான் வந்தது. 2022 ஏப்ரல் 9 ஆம் திகதி இளைஞர்கள் இங்கே கூடியபோது நோன்பு மாதம். கோஷம் பாட்டானது, கித்தாரும் மேளமும் வந்தன. மூன்று மொழியும் ஒரே மேடையில் கேட்டது. நாங்கள் சிலர் அங்கேயே நோன்பு திறந்தோம். மஃரிப் நேரம் நெருங்க, பக்கத்தில் மேளம் அடித்துக்கொண்டிருந்த ஒரு சிங்களப் பொடியன் கையை எடுத்துவிட்டு, எங்களிடம் பேரீச்சம்பழம் வாங்கிச் சாப்பிட்டான். நாங்கள் தொழுது முடிக்கும் வரை அவன் மேளத்தைத் தொடவில்லை. அவனிடம் யாரும் அப்படிக் கேட்கவுமில்லை.

இசை கூடுமா கூடாதா என்பதில் நமக்குள் பல கருத்து உண்டு. ஆனால் றபான் தட்டிப் பாடிய மூத்தவர்களின் பிள்ளைகள்தாம் நாம். பொதுவெளியில் இன்னொருவன் பாடுவதற்கும் நான் தொழுவதற்கும் இடம் வேண்டுமென்றால், இரண்டையும் ஒரே உரிமைதான் காக்கிறது. ஒன்றைப் பறிக்கும் கைக்கு மற்றதைப் பறிக்க அதிக நேரம் எடுக்காது. அந்த ஆண்டு ஜூலை 22 விடியற்காலையில் படையினர் வந்து போராட்டக் கூடாரங்களைப் பிரித்தெறிந்தபோது இது எனக்கு நன்றாக உறைத்தது.

கடலோர நடைபாதையை 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், அதைக் கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியதாகக் கல்லில் பொறித்து, பின்வருவோர் கவனத்துக்கு விட்டுச் சென்றார். அந்தக் கல் இன்றும் அங்கே இருக்கிறது. பாடியவர்களுக்கும், அவர்களருகே தொழுதவர்களுக்கும் கல் எதுவும் இல்லை. எங்கட கையில் இருப்பது எழுத்து. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.