வெற்றிலைச் சேர்மங்களும் ரத்தப் புற்றணுக்களும்

வெற்றிலை பற்றிய ஆய்வுகளில் வெளிப்பட்ட குளோரோஜெனிக் அமிலம், ஹைட்ராக்சிசாவிகால் என்னும் இரு சேர்மங்கள், நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயின் அணுக்களைச் சோதனைக்கூடத்தில் மடியச் செய்கின்றன. இதை விரிவாக ஆராய்ந்தது கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் உள்ள இந்திய வேதி உயிரியல் நிறுவனம். 1935இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் 1982இல் இப்போதைய பெயரைப் பெற்றது.

நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயின் வேர் ஒரு குரோமோசோம் பிசகில் இருக்கிறது. எலும்பு மஜ்ஜை அணுவொன்றில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் தத்தம் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்கின்றன. இதனால் உருவாகும் குட்டையான குரோமோசோம் 1960இல் பிலடெல்பியாவில் கண்டறியப்பட்டது. அது இடமாற்றத்தால் வருவது என்பதை ஜேனட் ரௌலி 1973இல் காட்டினார். மாற்றத்தில் ஒட்டிக்கொள்ளும் இரு மரபணுக்கள் சேர்ந்து பிசிஆர்-ஏபிஎல் என்ற புரதத்தைத் தருகின்றன. இது ஒரு டைரோசின் கைனேஸ், அதாவது புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றும் என்சைம். அணைக்கும் சுவிட்ச் பழுதான மோட்டாரைப் போல, ‘பெருகு’ என்ற சைகையை அது ஓயாமல் அனுப்புகிறது. வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன.

சந்து பந்தோபாத்யாய் உள்ளிட்ட கொல்கத்தா ஆய்வாளர்கள் 2004இல் ‘பிளட்’ ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை குளோரோஜெனிக் அமிலத்தைப் பற்றியது. காப்பிக் கொட்டையிலும் கத்தரிக்காயிலும் நிறைய இருக்கும் சேர்மம் இது. ஆய்வில் பயன்பட்ட கே562 என்பது, இந்நோய் முற்றிய ஒருவரின் உடலிலிருந்து 1970களில் எடுத்து உலகெங்கும் வளர்க்கப்பட்டுவரும் அணுக்கால்வழி. குளோரோஜெனிக் அமிலம் பிசிஆர்-ஏபிஎல் தன்மீதே பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்வதைத் தடுத்தது; பி38 என்ற மற்றொரு கைனேஸைத் தூண்டியது; அணுக்கள் திட்டமிட்ட இறப்பை அடைந்தன. பிசிஆர்-ஏபிஎல் இல்லாத ரத்த அணுக்கால்வழிகள் பாதிக்கப்படவில்லை. அமிலத்தைப் பிளந்தால் கிடைக்கும் காஃபிக் அமிலமும் குயினிக் அமிலமும் இந்த வேலையைச் செய்யவில்லை என்பது கவனத்துக்குரியது. குடிக்கும் காப்பியில் உள்ள குளோரோஜெனிக் அமிலத்தின் பெரும்பகுதியைப் பெருங்குடல் நுண்ணுயிரிகள் பிளந்துவிடுகின்றன.

அதற்கு முன்பே, 2001இல், பிசிஆர்-ஏபிஎல்லை முடக்கும் இமாடினிப் மாத்திரை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று இந்நோயின் போக்கையே மாற்றியிருந்தது. ஆனால் சில நோயாளிகளில் அது பலன் தராமல் போகிறது. குறிப்பாக, பிசிஆர்-ஏபிஎல்லின் 315ஆம் இடத்தில் திரியோனினுக்குப் பதில் ஐசோலூசின் அமர்ந்துவிட்டால் (டி315ஐ மாற்றம்), மருந்து பற்றிக்கொள்ள வேண்டிய ஹைட்ரஜன் பிணைப்பு இல்லாமல் போகும். பருத்த ஐசோலூசின் வழியையும் மறித்துக்கொள்ளும்.

ஹைட்ராக்சிசாவிகாலின் சிறப்பு இங்கேதான் தெரிகிறது. பென்சீன் வளையத்தில் அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகளும் ஓர் அல்லைல் சங்கிலியும் கொண்ட சிறிய பீனால் இது. மூலக்கூறு எடை சுமார் 150. வெற்றிலையை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த சாறு, இமாடினிபுக்கு மசியாத அணுக்களையும் கொல்வதை முதலில் பார்த்த அதே குழு, சாற்றில் உள்ள இந்தச் சேர்மத்தைப் பற்றி 2012இல் ‘கேன்சர் சயின்ஸ்’ இதழில் எழுதியது. டி315ஐ மாற்றம் கொண்ட அணுக்களும் நோயாளிகளிடமிருந்து நேரடியாக எடுத்த அணுக்களும் மடிந்தன. நலமான மனிதரின் ரத்த வெள்ளணுக்களுக்குச் சேதம் மிகக் குறைவு. சேர்மம் பட்டவுடன் மைட்டோகாண்ட்ரியாவில் வினைதிறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் சிறிது நேரம் எகிறுகின்றன. அந்தக் குறுகிய எழுச்சி ஜே.என்.கே. என்ற கைனேஸை நீண்ட நேரம் விழிக்க வைக்கிறது. அதன் தூண்டலில் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தி கூடுகிறது. மைட்டோகாண்ட்ரியாச் சவ்வின் மின்னழுத்தம் சரிகிறது, சைட்டோகுரோம் சி வெளியே கசிகிறது, கேஸ்பேஸ் 9, பிறகு கேஸ்பேஸ் 3 வெட்டப்பட்டு அணு தன்னையே அழித்துக்கொள்கிறது. பிசிஆர்-ஏபிஎல்லில் இமாடினிப் அமரும் குழியை நம்பி இந்த வழி இயங்குவதில்லை.

நோயெதிர்ப்பாற்றல் இல்லாத எலிகளில் ஹைட்ராக்சிசாவிகாலின் மாற்றுருவம் ஒன்று சோதிக்கப்பட்டது. புற்றணு ஒட்டுகளுக்கு எதிராக அது வேலை செய்தது. எலிகளின் எடை குறிப்பிடும்படி குறையவில்லை. ஆயினும் டி315ஐ ஒட்டுகளில் பலன் சற்றுக் குறைவே. அதே 2012இல் டி315ஐ நோயாளிகளுக்கான போனாடினிப் மாத்திரை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

வெற்றிலை போடுவது இந்நோய்க்கு மருந்தாகாது. தட்டில் வளரும் அணுக்களைச் சேர்மம் நேரே தொடுகிறது. உடலுக்குள் அது குடலையும் கல்லீரலையும் கடந்தாக வேண்டும். பாக்கு சேர்த்த தாம்பூலத்தின் கணக்கே வேறு. புகையிலை இல்லாத தாம்பூலத்தையும், பாக்கையும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் தொகுதியில் சேர்த்திருக்கிறது.