கீரை அரிந்ததாலா, சார்?

இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான் கரடியூரில் வேலை பார்த்த காலம். 1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை பிற்பகல் சூரிய கிரகணம். ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. அந்த ஜூனில் என் மாணவன் ஒருவனுக்குத் தங்கை பிறந்தாள். மேலுதடும் அண்ணமும் பிளந்திருந்தன. குடித்த பால் மூக்கு வழியே வந்தது. பாலாடையில் சொட்டுச் சொட்டாக ஊட்டினார்கள்.

பார்க்கப் போனவர்கள் கேட்ட முதல் கேள்வி, "கிரகணத்தன்னைக்கு என்ன நறுக்கினே?" என்பதுதான். அவர் அரிவாள்மனையில் கீரை அரிந்தாராம். பழி விழுந்துவிட்டது. அந்த அம்மா யாரோடும் பேசுவதை நிறுத்தினார். தகப்பனார் காப்பித் தோட்டத்திலிருந்து இருட்டிய பிறகே வீடு திரும்பினார். நானும் பழம் வாங்கிக்கொண்டு போய், "எல்லாம் விதிம்மா" என்று சொல்லிவிட்டு வந்தவன்தான்.

இந்தப் பழி நம் மலைக்கு மட்டும் உரியதல்ல. பிரான்சின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் அம்புரோஸ் பாரே, 1573இல் எழுதிய நூலில், குழந்தையின் பிறவிக் குறைக்கான காரணங்களில் ஒன்றாகத் தாயின் கற்பனையையும் சேர்த்தார். 1941இல்தான் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கர்ப்ப காலத்தில் தாய்க்கு வந்த ருபெல்லா அம்மைக்கும் குழந்தையின் பிறவிக் கண்புரைக்கும் உள்ள தொடர்பைக் கண்டு சொன்னார். காரணம் தாயின் நடத்தையில் இல்லை, ஒரு கிருமியில் இருந்தது.

பெற்றோரின் மனத்தை மருத்துவம் கவனிக்க இன்னும் இருபது ஆண்டு ஆயிற்று. 1961இல் அமெரிக்காவில் சோல்னிட்டும் ஸ்டார்க்கும் எழுதினார்கள்: எதிர்பார்த்திருந்த குழந்தையை இழந்த துக்கத்தை, பிறந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே பெற்றோர் அனுபவிக்கிறார்கள். மறு ஆண்டு ஓல்ஷான்ஸ்கி என்பவர், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் பெற்றோருக்கு இந்தத் துயரம் வாழ்நாள் முழுதும் தொடரலாம், அது நோயல்ல, இயல்பு என்றார். அழுவதால் பாசம் இல்லை என்று அர்த்தமாகாது.

நம் பக்கமும் நல்ல வரலாறு உண்டு. வேலூர் சி.எம்.சி. 1957இல் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியபோது, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் முறையைக் கொண்டுவந்தது. அங்குள்ள நம்பிக்கை நிலையத்தில் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளோடு பெற்றோரும் தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள். 1985இல் சென்னையில் வித்யாசாகர் அமைப்பைத் தொடங்கிய பூனம் நடராஜன், மூளை முடக்குவாதம் உள்ள ஒரு மகனின் தாய். 2013இல் மத்திய அரசு பிறவிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டறியும் குழந்தைகள் நலத் திட்டத்தைக் கொண்டுவந்தது.

பல ஆண்டு கழித்து ஏற்காடு பேருந்து நிலையத்தில் அந்த அம்மாவைப் பார்த்தேன். மகளுக்கு அறுவை சிகிச்சை முடிந்து, கல்யாணமும் ஆகியிருந்தது. அப்போதும் மெதுவாகக் கேட்டார், "கீரை அரிஞ்சதாலயா, சார்?"

மேலுதடு கருவின் ஏழாவது வாரத்துக்குள் கூடிவிடும். ஜூனில் பிறந்த குழந்தைக்கு அது முந்தின நவம்பரிலேயே முடிந்த கதை. கிரகணம் வந்ததோ பிப்ரவரியில். விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். அங்கேயே உட்கார்ந்து அழுதார். 1980இலேயே இந்தக் கணக்கைப் போட்டுச் சொல்லாமல் போனேனே என்று எனக்கு இன்றும் வருத்தம்தான்.

பிள்ளைகளே, அப்படி ஒரு வீட்டுக்குப் போனால் காரணம் கேட்காதீர்கள். குழந்தையின் பெயரைக் கேளுங்கள், கையில் வாங்கிக் கொஞ்சுங்கள். ஒரு வேளைச் சோறு கொண்டுபோங்கள். அப்பாவையும் "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று விசாரியுங்கள். தூக்கமின்மையும் விரக்தியும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். வாழவே வேண்டாம் என்ற பேச்சு வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற அரசின் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

நலமாக இருங்கள்.