கலகச் சட்டத்தை வாசித்தல்: ஒரு மரபுத்தொடரின் வரலாறு

ஆங்கில மரபுத்தொடர்களைச் சொற்பொருள் கொண்டு விளங்க முற்படுவோர் இடர்ப்படுவது இயல்பே. அகராதி தரும் பொருள் அன்றாடப் பயன்பாட்டுக்குப் போதுமாயினும், தொடர் பிறந்த சூழலை அது உணர்த்துவதில்லை. ‘கலகச் சட்டத்தை வாசித்தல்’ எனச் சொற்பொருள்படும் ‘ரீட் த றயற் அக்ற்’ என்பது இதற்குத் தக்க சான்றாகும். குழப்படி செய்யும் பிள்ளைகளைத் தாயோ ஆசிரியரோ கடுமையாக எச்சரித்தலையே இத்தொடர் இன்று பெரிதும் சுட்டுகின்றது. ஆயின், ஒருகாலத்தில் அச்சட்டம் மெய்யாகவே வாசிக்கப்பட்டது; வாசிப்பின் பின் உயிர்களும் பறிபோயின.

முதலாம் ஜோர்ஜ் மன்னன் அரியணையேறியதை அடுத்து எழுந்த கலவரங்களை ஒடுக்கவே பிரித்தானியப் பாராளுமன்றம் இதனை இயற்றியது. 1715 ஆகஸ்ட் 1ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. 12 பேரோ அதற்கு மேற்பட்டோரோ கூடிக் கலகம் விளைப்பின், நீதிவான் முதலிய அதிகாரி ஒருவர் அவர்கள்முன் நின்று, மன்னன் பெயரால் அமைந்த சிறு பிரகடனத்தை உரத்து வாசித்தல் வேண்டும். ஒரு மணி நேரத்தின் பின்னரும் கலையாதோர் மரண தண்டனைக்குரியோர். கலைக்கையில் எவரேனும் கொல்லப்படின், கலைத்தோர்மீது குற்றமில்லை. வாசகத்திற் குறை நேரலாகாது. மன்னரை இறைவன் காக்குமாறு வேண்டும் இறுதித்தொடர் விடுபட்டமையால், 1830இல் ஒரு வழக்கில் இச்சட்டத்தின்கீழான குற்றச்சாட்டு நிலைபெறாது போயிற்று.

எழுத்தில் இத்துணை நுணுக்கம் பேணப்பட்டது; கேட்போர் செவியை அது எட்டியதா என்பதே வினா. 1819 ஆகஸ்ட் 16ஆம் திகதி மன்செஸ்ரர் நகரின் புனித பீற்றர் திடலில், பாராளுமன்றச் சீர்திருத்தம் கோரி ஏறத்தாழ 60,000 மக்கள் கூடினர். பிரகடனம் வாசிக்கப்பட்டதென நீதிவான்கள் தரப்பினர் சாதித்தனர். தாம் கேட்கவில்லையெனக் கூடியிருந்தோர் பலர் கூறினர். குதிரைப்படை வாளேந்திக் கூட்டத்துட் புகுந்தது. குறைந்தது 15 பேர் மாண்டனர்; நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். நான்கு ஆண்டுகளுக்கு முந்திய வாட்டர்லூப் போரை நினைவூட்டி, இந்நிகழ்வு ‘பீற்றர்லூ’ என ஏளனப் பெயர் பெற்றது. ஏளனம் எவரை நோக்கியது என்பது சொல்லாமலே விளங்கும்.

1837இல் மரண தண்டனை நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. 1973இல் சட்டநூலிலிருந்தே இச்சட்டம் அகற்றப்பட்டது. தொடரோ வழக்கில் நிலைத்துவிட்டது. தாயை நீதிவானாகவும் பிள்ளைகளைக் கலகக்காரராகவும் காட்டும் குறும்பு அதனுள் அடங்கியுள்ளது. சட்டத்தை அறியாதார்க்கு அக்குறும்பு புலப்படாது.

மொழிபெயர்ப்போர் ஈண்டு விழிப்பாயிருத்தல் வேண்டும். தற்கால நாவலில் இத்தொடர் வரின் ‘கண்டித்து எச்சரித்தாள்’ என்பதே போதும். 18ஆம் நூற்றாண்டு ஆவணம் ஒன்றில் வரின் அவ்வாறு பெயர்ப்பது பெரும்பிழை. அங்கே நீதிவான் கையிற் பிரகடனத்துடன் கூட்டத்தின்முன் நிற்கின்றார், ஒரு மணி நேரம் எண்ணப்படத் தொடங்குகின்றது.