பதினொரு மெட்டுகளும் ஒரு கையெழுத்தும்

பாரீசில் இருக்கும் என் தங்கை மகன் போன முறை வந்தபோது ஒரு சிடி கொண்டுவந்தான். மிஷேல் லெக்ரானின் 'லெக்ரான் ஜாஸ்'. இரண்டு முறை சேர்ந்து கேட்டோம். பிறகு அவன் கேட்டான்: "மாமா, இதில் ஒரு மெட்டுகூட அவருடையது இல்லை. அப்புறம் எதற்கு அட்டையில் அவர் பெயர்?"

நியாயமான கேள்விதான். அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

என்னைப் போல் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு லெக்ரான் என்றால் முதலில் நினைவுக்கு வருவது 1964-இல் வந்த 'செர்பூர் குடைகள்' படம். வசனம் முழுவதும் பாட்டாகவே வரும் படம் அது. பிற்காலத்தில் நம் உடம்புக்குள் நடப்பதைக் குழந்தைகளுக்குச் சொன்ன பிரெஞ்சுத் தொலைக்காட்சிக் கார்ட்டூனுக்கும் அவரே இசை. ஆஸ்கார் மூன்று முறை வாங்கினார். 1932-இல் பாரீசில் பிறந்தவர். தகப்பனார் ரேமோன் லெக்ரானும் இசைக்குழு நடத்தியவர். மகன் பாரீஸ் கொன்செர்வத்துவாரில் நாதியா பூலான்ஷே அம்மையாரிடம் கண்டிப்பான சாஸ்திரியப் பயிற்சி பெற்றார்.

1954-இல் அவர் இசை அமைத்த 'ஐ லவ் பாரீஸ்' இசைத்தட்டு அமெரிக்காவில் ஏராளமாக விற்றது. அவருக்குக் கிடைத்த சம்பளமோ சொற்பம். அதற்கு ஈடாக, விருப்பப்பட்ட இசைத்தட்டு ஒன்றைச் செய்துகொள்ளலாம் என்று கம்பெனி சொன்னது. வேறொருவராக இருந்தால் சொந்த மெட்டுகளைப் போட்டு நிரப்பியிருப்பார். இவர் 1958 ஜூனில் நியூயார்க் போய், பிறர் இயற்றிய பதினொரு மெட்டுகளை எடுத்துக்கொண்டார். ஃபேட்ஸ் வாலர், எல்லிங்டன், மங்க், கில்லெஸ்பி என்று ஜாஸின் பெரியவர்கள் எல்லாரும் அதில் உண்டு. அப்போது அவருக்கு வயது 26.

ஒலிப்பதிவு 25, 27, 30 தேதிகளில், மூன்றே நாள். ஒவ்வொரு நாளும் வேறு வேறு குழு. ஒரு நாள் ஹார்ப், புல்லாங்குழல், வைப்ரஃபோன். இன்னொரு நாள் நான்கு டிராம்போன்கள். மற்றொரு நாள் நான்கு டிரம்பெட்டுகள். ஜாஸில் தனி வாசிப்பு அந்த நிமிஷத்தில் மனதில் தோன்றுவது. ஆர்கெஸ்ட்ராவில் எல்லாம் முன்கூட்டியே தாளில் எழுதியாக வேண்டும். இரண்டையும் ஒரே மேடையில் உட்காரவைத்ததுதான் இவர் செய்த பரிசோதனை. சுற்றிலும் எழுதிவைத்து, நடுவில் கலைஞனுக்கு இடம் விட்டார்.

முதல் நாள் டிரம்பெட் வாசிக்க மைல்ஸ் டேவிஸ் வர வேண்டும். அவர் வாசலில் நின்று கேட்பார், பிடிக்கவில்லை என்றால் திரும்பிப் போய்விடுவார் என்று நண்பர்கள் பயமுறுத்தினார்களாம். லெக்ரானே பின்னாளில் சொன்ன கதை இது. மைல்ஸ் வந்தார், நின்று கேட்டார், உள்ளே வந்து உட்கார்ந்தார். நான்கு உருப்படிகள் வாசித்தார். அன்று கூட வாசித்த கோல்ட்ரேன், பில் எவன்ஸ், பால் சேம்பர்ஸ் மூவரும் அடுத்த ஆண்டு மைல்ஸின் புகழ்பெற்ற 'கைண்ட் ஆஃப் புளூ'விலும் இருந்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு விஷயம். ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் என்ற ஜிப்ஸி கிட்டார் கலைஞர் தீ விபத்தில் கை கருகி, இடது கையின் இரண்டு விரல்களை வைத்தே தனி வாசிப்பைச் சாதித்தவர். ஜெர்மானியர் பிடியில் பாரீஸ் இருந்த காலத்தில் அவருடைய 'நுவாஜ்' என்ற மெட்டை ஊரே முணுமுணுத்தது. 1953-இல் இறந்துபோனார். இந்தத் தட்டில் அந்த 'நுவாஜ்' இருக்கிறது. அவர் நினைவாக அமெரிக்கரான ஜான் லூயிஸ் எழுதிய 'ஜாங்கோ'வும் இருக்கிறது. அமெரிக்கப் பெரியவர்களின் வரிசையில் தன் ஊர்க்காரரையும் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டார் இந்தப் பாரீஸ் பிள்ளை.

இனி மருமகனுக்குப் பதில். நான் சர்க்காரில் குமாஸ்தாவாக இருந்தவன். விதி அரசாங்கத்துடையது, கையெழுத்து அதிகாரியுடையது. நான் எழுதியது நடுவிலுள்ள நோட்டு மட்டும். ஆனாலும் ஃபைலைத் திறந்து இரண்டு வரி படித்தாலே இது யார் போட்ட நோட்டு என்று ஆபீசில் சொல்லிவிடுவார்கள். மெட்டு பிறருடையதாக இருக்கலாம். எதை முன்னே வைப்பது, எங்கே நிறுத்துவது, யாருக்கு இடம் விடுவது என்பது எழுதியவனுடையது. அதனால்தான் அட்டையில் அவர் பெயர்.

மைல்ஸுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். முப்பத்து மூன்று ஆண்டு கழித்து, 1991-இல் வெளிவந்த 'டிங்கோ' படத்துக்கு இருவரும் சேர்ந்து இசை அமைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மைல்ஸ் காலமானார். லெக்ரான் 2019 ஜனவரியில் போனார்.

சிடி என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த முறை வரும்போது மருமகனை உட்காரவைத்து 'நுவாஜ்' மட்டும் தனியாகப் போட்டுக் காட்டப்போகிறேன்.